முதலில் வாசித்தவள்

சலாலா,
12.1.2024

கர்த்தருக்குள் அன்பான பிஜிக்கு,

இங்கே ஓமனில் நான் சுகம். அங்கே நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் 'ம்' கொட்டிவிட்டுப் பாதியை மறந்துவிடுகிறாய். காமிக்ஸ் விஷயத்தில் அது சரிப்படாது. காஞ்சிரங்குளம் அகில் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வருடத்துப் புதிய காமிக்ஸ் வெளியீடுகளை அறிவித்துவிட்டார்கள். மாதத்துக்கு மூன்று நான்கு வருகிறது. வருவதையெல்லாம் வாங்குகிறவன் சேகரிப்பாளன் இல்லை, பழைய பேப்பர் எடுக்கிற ஆக்கர் கடைக்காரன். நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதற்குள் நுழையத் தகுதி வேண்டும்.

மார்ஷல் டோரன் கதை எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. கடற்கொள்ளைக்காரர் கதை கெட்டி அட்டை என்றால் மட்டும். பேய்க்கதை வேண்டாம். இரண்டாம் பாகம் எப்போது என்று சொல்லாமல் முதல் பாகத்தை மட்டும் போடுவார்கள், அதையும் விடு. கிராஃபிக் நாவல் என்று இப்போது ஒன்று கிளம்பியிருக்கிறது. யாரும் யாரையும் சுடாமல், நூறு பக்கத்துக்கு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதே. 'மலைமேல் மருத்துவச்சி' என்று ஒன்றுக்குப் பெரிய விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அட்டையைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது.

பார்சல் வந்ததும் கை கழுவி, ஈரம் துடைத்து, பிரித்து அலமாரியில் அடுக்கு. உனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். நான் மலையாளம் மீடியத்தில் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தமிழ் எழுத்து படிப்பித்தது மார்ஷல் டோரன்தான். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அம்மாவை மருந்து தின்னச் சொல்.

அன்புடன்,
சானு


குளத்தூர்,
9.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

அகில் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். கூடவே நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழமும் வந்தது. மாமி பாதியைச் சர்ச்சில் பங்கு வைத்துவிட்டார்கள்.

முதல் பார்சல் வந்துவிட்டது. கூரியர்காரன் வீட்டுக்கு வரவில்லை. "சேச்சி, அங்ஙோட்டு வண்டி வரில்ல" என்றான். நம் பக்கம் வண்டி வராதாம், போனிலேயே முடித்துக்கொண்டான். பஸ் ஏறிப் பாறசாலை போய் வாங்கி வந்தேன். நீங்கள் சொன்னபடி மார்ஷல் டோரன் வாங்கியாகிவிட்டது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன மருத்துவச்சியையும் வாங்கினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவ்வளவு தூரம் திட்டியதால்தான் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

இரண்டையும் வாசித்தேன். உங்கள் மார்ஷல் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் அவர் குதிரைக்கும் எத்தனை குண்டு பட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் எனக்குப் பயமே வரவில்லை. பயமில்லாமல் எப்படி நூறு பக்கம் புரட்டுகிறீர்கள்?

மருத்துவச்சி அப்படியில்லை. பனி மூடிய ஒரு மலை ஊர். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் வாங்கியவள் அவள். ராத்திரி வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். மூன்று பக்கத்துக்கு ஒரு பேச்சும் இல்லை, கஞ்சி குடிப்பது மட்டும்தான். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றேன். மாமி, "என்ன பிள்ளே, கண்ணு செவந்து கெடக்கு?" என்று கேட்டார்கள். புகை என்று சொன்னேன். நம் வீட்டில் கேஸ் அடுப்பு. மாமியும் மேலே கேட்கவில்லை.

இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அன்புடன்,
பிஜி


சலாலா,
3.3.2024

பிஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னிடம் நான் வாங்கச் சொன்னேன், வாசிக்கச் சொன்னேனா?

நீ நினைப்பது போல இது சின்ன விஷயம் இல்லை. புதுப் புத்தகத்தை முதலில் புரட்டுகிறவனுக்கு ஒரு மணம் கிடைக்கும். இரண்டாவது ஆளுக்கு அது கிடைக்காது. நான் இந்தப் பாலைவனத்தில் பிறத்தியான் வீட்டு ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்போது, லீவில் போய் உட்கார்ந்து வரிசையாகப் புரட்டுவேன் என்ற ஒரு நினைப்பில்தான் நாள் போகிறது. இப்போது மார்ஷலுக்கு ஒன்றும் ஆகாது என்று நீயே கதையையும் சொல்லிவிட்டாய்.

மருத்துவச்சியை அலமாரியிலிருந்து எடுத்து வேறே எங்கேயாவது வை. என் சேகரிப்பில் அது வேண்டாம். மார்ச் மாதப் புத்தகங்களில் கடற்கொள்ளைக்காரனை மட்டும் வாங்கு. அதை வாசிக்காதே. வாசித்தாலும் என்னிடம் சொல்லாதே.

சானு


குளத்தூர்,
6.4.2024

அத்தானுக்கு,

கடற்கொள்ளைக்காரன் வாங்கியாகிவிட்டது. வாசித்தேனா இல்லையா என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டபடி சொல்லவில்லை.

மருத்துவச்சியை என் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவையோடு வைத்துவிட்டேன். அலமாரியில் அவளுக்கு இடமில்லை என்று சொன்னபோது எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணம் முடிந்து வந்த முதல் வாரம் நீங்கள் எனக்கு வீட்டைக் காட்டினீர்கள். அடுக்களையை வாசலில் நின்றபடி விரல் நீட்டிக் காட்டினீர்கள். அலமாரிக்கு முன்னால் மட்டும் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தீர்கள். என் துணியை வைக்க ஒரு தட்டு கேட்டேன். தட்டுக்கு ஒரு காரணம் சொல்லி மறுத்துவிட்டீர்கள்.

இப்போதும் போன் எடுத்தால் முதல் கேள்வி, "பார்சல் வந்துதா?" இரண்டாவது, "அம்மா மருந்து தின்னாளா?" என் முறை வரும்போது உங்கள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. உங்களுக்குச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு அந்த அலமாரி மேல் பொறாமை. என்னிடம் இல்லாதது அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் முதல் புத்தகத்தைப் பிரித்தேன். பிரித்த பிறகு பிடித்துப்போனது என் குற்றம் இல்லை.

பிஜி


சலாலா,
14.6.2024

பிஜி,

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன். கோபத்தில்தான்.

நேற்று டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால், நம் வாசகர் குரூப்பில் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்னவென்று பார்த்தால், ஜூன் மாத காமிக்ஸ் புத்தகத்தின் வாசகர் கடிதப் பகுதியில் உன் கடிதம்! ஒரு முழுப் பக்கம்! கீழே 'பிஜி சானு, குளத்தூர்' என்று தடித்த எழுத்தில் பெயர். என்னோடு தங்கியிருக்கிற பொன்னுதாஸ், காமிக்ஸ் என்றால் கைப்பிடித் துணியாக எடுத்துப் பாத்திரம் இறக்குகிறவன், அவனே கேட்கிறான், "எலே சானு, ஒனக்க வீட்டுக்காரி ஒன்ன விட நல்லா எழுதுதாளே!"

நான் பதினாறு வயதிலிருந்து அந்தப் பகுதிக்கு எழுதுகிறேன். நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு சாக்கு நிறையும். இரண்டே முறை போட்டார்கள். அதில் ஒரு முறை நான்கு வரி. இன்னொரு முறை பெயரை மட்டும், 'மற்றும் பலர்' என்பதற்கு முந்திய இடத்தில். நீ நேற்று வாசிக்கத் தொடங்கியவள். தமிழ் மீடியத்தில் படித்த தைரியத்தில் எழுதிவிட்டாய். என் பெயரையும் கூடச் சேர்த்துக்கொண்டாய், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. பெயரைப் பார்த்ததே போதும்.

இனி இப்படித்தான். அலமாரிச் சாவியை அம்மாவிடம் கொடு. வருகிற பார்சல்களை யாரும் பிரிக்கக் கூடாது. டேப் ஒட்டியது ஒட்டியபடி, வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டகையில் இருக்கிற பழைய நெல்லுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வை. டிசம்பரில் நான் வந்து என் கையால் திறப்பேன். முதலில் வாசிப்பது நானாக்கும்.

சானு


குளத்தூர்,
2.7.2024

அத்தானுக்கு,

சாவி மாமியிடம். பார்சல்கள் நெல்லுப் பெட்டியில். இதுவரை பிரித்ததைக்கூடத் திரும்ப டேப் ஒட்டட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சாய்ப்பு மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும் இடம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மாமியும் அதையே சொன்னார்கள். "அவன் சொன்னா பின்ன கேக்கமாட்டான், வச்சிரு மக்கா" என்றும் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தைப் பற்றி. உங்களுக்கு முதலில் சொல்லத்தான் இருந்தேன். எதை வாசித்தேன் என்று சொல்லாதே என்று நீங்கள்தான் எழுதினீர்கள். வாசித்ததை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உங்களிடம் சொல்ல முடியாததை அவர்களுக்கு எழுதினேன். அவர்கள் போட்டுவிட்டார்கள்.

பிஜி


சலாலா,
21.9.2024

பிஜிக்கு,

நான் சுற்றி வளைக்கவில்லை. நாகர்கோவிலில் நடந்த வாசகர் சந்திப்புக்கு நீ போயிருக்கிறாய். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அம்மா இரண்டு வடை சாப்பிட்டதுவரை எனக்குத் தகவல் உண்டு. நம் குரூப்பில் இருக்கிற காஞ்சிரங்குளம் வினீத் போட்டோ போட்டிருக்கிறான். நீ கையில் மைக்கோடு நிற்கிறாய். முன் வரிசையில் முப்பது பேர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் கல்யாணத்தில்கூட நீ அப்படிச் சிரித்து நின்ற போட்டோ இல்லை.

பேசியது ஆகஸ்ட் மாதப் புத்தகத்தைப் பற்றியாம். ஆகஸ்ட் பார்சல் நெல்லுப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. பின்னே நீ எப்படி வாசித்தாய்? டேப்பைப் பிளேடால் கீறிப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறாய். அம்மாவும் உன் கூட்டு. இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள்.

வினீத் உன்னை "அக்கா, அக்கா" என்று எழுதுகிறான். 'பிஜி அக்கா என்ன சொல்றாங்களோ அதத்தான் வாங்கப் போறேன்' என்கிறான். பத்து வருடமாக நான் அந்தக் குரூப்பில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தனும் கேட்கவில்லை. இப்போது என்னிடம் ஒருவன் தனியாகக் கேட்கிறான், "அண்ணா, அக்கா அடுத்த மாசம் எது எடுக்கப் போறாங்க?" எனக்கு என்ன தெரியும்?

உண்மையைச் சொல். பெட்டியைத் திறந்தாயா?

சானு


குளத்தூர்,
18.10.2024

அத்தானுக்கு,

திறக்கவில்லை. கர்த்தர் அறிய உங்கள் பார்சல் ஒன்றின் டேப்பில்கூட என் நகம் படவில்லை.

என் தையல் காசில் எனக்கென்று தனியாக வாங்கினேன். ஜூலையிலிருந்து. என் பெயரில் தனி பார்சல் வரும். எல்லாவற்றையும் வாங்கவில்லை. மூன்று வந்தால் ஒன்று வாங்குவேன், சில மாதம் ஒன்றும் இல்லை. நீங்கள் நாயகனைப் பார்த்து வாங்குகிறீர்கள், அட்டையைப் பார்த்து வாங்குகிறீர்கள். நான் நடுவில் நாலு பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்ப்பேன். அதில் யாராவது ஒருவர் சும்மா இருக்கும் படம் ஒன்று இருக்க வேண்டும். சண்டை போடாமல், ஓடாமல், பாத்திரம் கழுவிக்கொண்டோ செருப்பு தேடிக்கொண்டோ இருக்க வேண்டும். அப்படி ஒரு படம் இருந்தால் வாங்குவேன். உங்கள் மார்ஷலில்கூட ஆகஸ்டில் அப்படி ஒன்று இருந்தது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கிழிந்த கையுறையைத் தானே தைக்கிறார். அதற்காக வாங்கினேன். நாகர்கோவிலில் அதைத்தான் பேசினேன். நீங்கள் அத்தனை வருடமாக வாசிக்கிற மார்ஷலைப் பற்றித்தான் பேசினேன் அத்தான்.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் துலாமழை தொடங்கிய பிறகு மாமி தேங்காய் எடுக்கச் சாய்ப்புக்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயிருந்து கூப்பிட்டார்கள். "பிள்ளே, ஓடி வா. செதலாக்கும்!" சுவரில் மண் வரி ஒன்று ஏறி, பெட்டியின் பின்பக்கத்துக்குள் போயிருந்தது. பூட்டைத் திறந்தோம். மேலே பார்சல் முழுசாகத்தான் தெரிந்தது, டேப்பெல்லாம் பளபளவென்று. தூக்கினால் கனமே இல்லை. உள்ளே கறையான் தின்று மண்ணாக்கி வைத்திருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வந்த எல்லாம் போயிற்று. ஒரு மார்ஷலின் தொப்பி மட்டும் ஒரு துண்டில் மிச்சம் இருந்தது.

மாமி தரையில் உட்கார்ந்து அழுதார்கள். "எனக்க பயலுக்க ஆசையெல்லாம் மண்ணாப் போச்சே" என்று. நானும் அழுதேன். எனக்கு அந்தப் பெட்டி மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும், உங்களுக்காக அழுதேன்.

அலமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு பக்கமும் மருந்து அடித்தாகிவிட்டது.

பிஜி


சலாலா,
5.11.2024

பிஜி,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆயிற்று. எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. பொன்னுதாஸ் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, "மரிச்சது ஆருன்னு சொல்லு, நானும் சேந்து அழுவேன்" என்றான். சொன்னேன். சிரிக்க வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சாய்ப்பில் வைக்கச் சொன்னது நான்தான். பிரிக்காதே என்றதும் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த மாதங்களின் புத்தகங்கள் விற்றுத் தீர்ந்துவிட்டதாம், கேட்டுப் பார்த்தேன். உன்னிடம் சிலது இருக்கிறதல்லவா? மார்ஷல் இருக்கிறது. அதே புத்தகம், அதே அச்சு. நம் இரண்டு பேருக்குள் உன்னுடையது என்னுடையது என்று என்ன இருக்கிறது? நான் வருவதற்கு முன்னால் அவற்றை எடுத்து என் அலமாரியில் அடுக்கிவிடு. சாவியை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள். வரிசையில் இடைவெளி தெரியாமல் வை.

சானு


குளத்தூர்,
22.11.2024

அத்தானுக்கு,

மாட்டேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து இத்தனை நாளில் நான் உங்களிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. மாமிதான், "எழுது மக்கா, நெஞ்சில வச்சிட்டு இருக்காதே" என்றார்கள்.

என்னுடையது உங்களுடையது என்று என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அலமாரி இருக்கிறது. சாவி இருக்கிறது. முதலில் யார் வாசிப்பது என்று நீங்கள் போட்ட சட்டம் இருக்கிறது. புத்தகம் போன பிறகு மட்டும் எல்லாம் ஒன்றாகிவிட்டதா?

அவை நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. உங்கள் வரிசையில் இடைவெளி அடைக்க அவற்றைக் கொடுக்க மனமில்லை. என் தகரப் பெட்டியில்தான் இருக்கும். நீங்கள் வந்து என்னிடம் கேட்டால் வாசிக்கத் தருவேன். சந்தோஷமாகத் தருவேன். வாசித்துவிட்டுத் திரும்ப என் கையில் தர வேண்டும். நீங்கள் இரண்டாவதாகத்தான் வாசிக்க முடியும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மாமி மருந்து ஒழுங்காகத் தின்கிறார்கள். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

பிஜி


சலாலா,
8.12.2024

அன்பான பிஜிக்கு,

பதினெட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அகில் முந்திப் போகிறான், இது எனக்கு முன்னால் உன் கையில் கிடைக்கும்.

உன் கடிதத்தை வாசித்த அன்று நல்ல கோபம். உன்னைப் பழிவாங்க ஒரு காரியம் செய்தேன். வினீத்தைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் மார்ஷல் அவனிடம் இருக்கிறதா, விலைக்குத் தருவானா என்று கேட்டேன். உன் தயவு இல்லாமல் வரிசையை நிரப்பிக் காட்ட வேண்டும் என்று. அவன் உடனே, "விலையெல்லாம் எதுக்கு அண்ணா, சும்மாவே எடுத்துக்கிடுங்க" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் வாங்கியிருப்பேன். "ஆனா அக்காவுக்க பெரிய இஷ்டம் மருத்துவச்சி தானே? அந்தக் கஞ்சி குடிக்கிற மூணு பக்கத்தப் பத்தி அக்கா எழுதினத வாசிச்சிட்டு எனக்க அம்மையே அழுதுட்டா. நீங்க அத வாசிச்சப்ப என்ன அண்ணா தோணிச்சு?" என்று கேட்டான்.

நான் அதை வாசித்ததே இல்லை. ரேஞ்சு இல்லை என்று போனை வைத்துவிட்டேன்.

பிஜி, எனக்கு இத்தனை நாளும் பொறாமை. உன் பெயரை அச்சில் பார்த்தபோது பொறாமை, மைக்கோடு பார்த்தபோது பொறாமை. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பொறாமை அன்றைக்குத்தான் வந்தது. நீ எதை வாசித்துக் கிணற்றடியில் போய் நின்றாய் என்று காஞ்சிரங்குளத்தில் ஒரு வீட்டு அம்மைக்குத் தெரியும். குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நீ எனக்குத்தான் முதலில் எழுதியிருந்தாய். நான் அதை வாசித்துவிட்டு, புதுப் புத்தக மணம் போயிற்று என்று சண்டை போட்டேன்.

மார்ஷலை வினீத்திடம் வாங்கவில்லை. இடைவெளி இருந்துவிட்டுப் போகட்டும்.

வந்த உடனே அம்மா, சர்ச்சு, சொந்தக்காரர் என்று ஆள் கூடிவிடும், அதற்குள் கேட்க வெட்கமாக இருக்கும். அதனால் இப்போதே கேட்கிறேன். மருத்துவச்சியை எனக்கு வாசிக்கத் தருவாயா?

சானு